அறுபத்து மூணு வாய்

ஆமா, வாத்தியார்தான். எங்க துறைத் தலைவரு. இப்ப போன்ல அவர்ட்டதான் கத்துனேன். அதுக்கு என்னங்கீங்க?

மரியாதையா? அக்கா, பாதிப் பேச்சைக் கேட்டுட்டு நாட்டாமை பண்ணாதீங்க. எம்பக்கம் மட்டும்தான் உங்களுக்குக் கேட்டுது. அந்தப் பக்கம் அந்த மனுசன் என்ன சொன்னாருன்னு கேட்டிருந்தா, நீங்களே போனைப் பிடுங்கி சன்னல் வழியா எறிஞ்சிருப்பீங்க. "உங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்தவங்க கண்ணுலதான் சார் முதல்ல கேமராவ வச்சிப் பாக்கணும்"னு சொன்னேன். சொன்னேன், இல்லேங்கல. அது திட்டு இல்ல. யோசனை.

பொம்பளப் பிள்ளை இவ்வளவு சத்தம் போடலாமான்னு வேற. போடலாம். பிடிக்கலைன்னா பஸ்ல வேற சீட்டுக்குப் போங்க. போக முடியாதுல்லா? பாவூர்சத்திரத்துல ஏறுன கூட்டம் பூரா நின்னுட்டு வருது. அப்ப கேட்டுத்தான் ஆகணும். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, யாருக்கு மரியாதை குடுக்கணும்னு.

எம்பேரு வேல்கனி. பயோமெடிக்கல் இன்ஜினியரிங், கடைசி வருசம். அப்படின்னா என்னன்னு கேக்காதீங்க, எங்க சாருக்கே தெரியாது. ஆஸ்பத்திரில இருக்குற மிசினெல்லாம் செய்யப் படிக்கிற படிப்பு. எங்க காலேஜ்ல அந்த மிசின் ஒண்ணுகூடக் கிடையாது. படம் இருக்கு. சுவத்துல ஒட்டிருக்கு. அதைப் பாத்துத்தான் நாலு வருசம் படிச்சோம்.

நானும் ஹாஜிரான்னு ஒருத்தியும் சேந்து ரெண்டு வருசமா ஒரு சாமான் செஞ்சோம். இந்தா, இந்த விரல் தண்டிதான் இருக்கும். முனையில ஒரு கேமரா, அதைச் சுத்தி நாலு குட்டி லைட்டு. வயரைப் போன்ல சொருகுனா படம் போன்ல தெரியும். பொம்பளைகளுக்கு வர்ற கேன்சர் ஒண்ணு இருக்கு. வருசக் கணக்குல சத்தம் காட்டாம உள்ள கெடக்கும். முன்கூட்டியே பாத்துட்டா, சின்னதா இருக்கும்போதே எடுத்துரலாம், உசுருக்கு ஒண்ணும் ஆகாது. அதைப் பாக்கப் பெரிய ஆஸ்பத்திரில ஒரு மிசின் உண்டு, ஆளு உயரத்துக்கு, சக்கரம் வச்சி நிக்கும். அதை உருட்டிட்டு ஊர் ஊராப் போக முடியுமா? அதான் விரல் தண்டிக்குச் செஞ்சோம்.

எந்த எடத்துல வர்ற கேன்சரா? செர்விக்ஸ்.

செர்விக்ஸ் அக்கா. அது வந்து... பெறவு சொல்லுதேன். பின்னாடி சீட்டுல ஆளு இருக்கு.

ஆன்லைன்ல காது அழுக்கெடுக்குற கேமரான்னு விக்கான், பாத்திருக்கீங்களா? அதைத்தான் வாங்கி உடைச்சோம். முதல்ல செஞ்சதுல லைட்டு சூடாகி முனை கொதிக்கும். எங்கையிலயே வச்சிப் பாத்தேன். இந்தா, தழும்பு தெரியுதா? அந்தச் சூட்டைக் குறைக்க மட்டும் எட்டு மாசம் ஆச்சி. பெறவு வெள்ளைப் பிரச்சினை. வினிகர் தெரியும்லா, அந்த மாதிரி ஒரு தண்ணியத் தடவி ஒரு நிமிசம் விட்டா, சந்தேகமான எடம் மட்டும் வெள்ளையாத் தெரியும். ஆனா லைட்டு பளீர்னு அடிச்சா எல்லாமே வெள்ளையாத்தானே இருக்கும்? ஹாஜிரா சோப்பு டப்பா மூடியத் தேச்சித் தேச்சி, லைட்டுக்கு மேல போட ஒரு வில்லை செஞ்சா. கை பூரா தோலு உரிஞ்சிட்டு அவளுக்கு. அப்படிச் செஞ்ச சாமான்.

சாரு என்ன செஞ்சாரு? பேரு வச்சாரு. 'தாய்மைக் கண்'. ஏன் சார், பிள்ளை பெறாதவளுக்கு இந்தக் கேன்சர் வராதா, அவளுக்கு என்ன கண்ணுன்னு கேட்டேன். "வேல்கனி, உனக்கு எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி"ன்னாரு. எதிர்க்கேள்வி கேக்காமப் படிக்க அது என்ன காலேஜா, ரேசன் கடை கியூவா?

இன்னும் கேளுங்க. பழகுறதுக்கு ஒரு ரப்பர் மாடல் வாங்குனாவ. பொம்பள உடம்புல இடுப்புப் பகுதி மட்டும், நர்சுக படிக்கிறதுக்குள்ளது. எங்க ஆறுமுகநயினார் சாரு, அதான் அவரு பேரு, அதைப் பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல ஒரு துண்டைச் சுத்தி, பீரோல வச்சிப் பூட்டிச் சாவிய அட்டெண்டர்ட்டக் குடுத்துட்டாரு. நாங்க போய்ச் சாவி கேட்டா, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "கதவைச் சாத்திட்டு எடுங்கம்மா"ம்பாரு. ரப்பருக்கு வெக்கப்படுத மனுசன் அக்கா. ரப்பருக்கு! இவருதான் தாய்மைக் கண்ணுக்குத் தகப்பன்.

எங்க வீட்லயா? வீட்ல எதுக்குச் சொல்லணும்? எங்கம்மாட்ட காது கேமரான்னு சொல்லிருக்கேன். காது கேமராலேருந்துதானே செஞ்சோம், அதுல பொய் ஒண்ணும் இல்லையே. "எம்மவ காதுக்கு மிசின் கண்டுபிடிச்சிருக்கா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியிதா. எதிர்த்த வீட்டு மாமா ஒருநா காதை நீட்டிட்டே வந்துட்டாரு. அது வேற கதை. நான் சாரைப் பத்திப் பேசிட்டிருக்கேன், நீங்க எங்கம்மாகிட்டப் போறீங்க.

திருநெல்வேலில ஒரு விருதுப் போட்டி. அதுக்கு அனுப்பணும்னா சாமானை நெசமான ஆளுக கிட்டப் பாத்திருக்கணும். வெறும் ரப்பரைக் காட்டுனா விருது தரமாட்டான். அதுக்கு முறைப்படி அனுமதி வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெயராணி சிஸ்டரும் வர்றதா ஏற்பாடு. பாக்கப் போறது சிஸ்டர்தான், அவியளுக்கு அதுல பயிற்சி உண்டு. நாங்க போனைப் பிடிச்சிட்டு நிக்கணும், படத்தைச் சேமிக்கணும், அவ்வளவுதான். போன மாசம், பூலாங்கட்டளைல, சமுதாய நலக்கூடத்துல முகாம்.

ஆமா, பூலாங்கட்டளைதான். ஆலங்குளம் தாண்டி. ஏன், உங்க ஊரா?

அட. அப்ப நீங்களும் வந்தீங்களா? வாயைத் திறந்தீங்களா?

திறந்தீங்க! ஓ, அன்னைக்குக் கத்துனதும் நான்தான்னு இப்பத்தான் பிடிபடுதோ? அதே ஆளுதான், அதே சத்தம்தான். அப்ப நீங்கதான் கண்டிப்பாக் கேக்கணும். உங்க வாய் அக்கா இன்னைக்கு மேடை ஏறப் போகுது. சும்மா சொல்லல, கேளுங்க.

பேனருக்கு வாசகம் நான்தான் எழுதிக் குடுத்தேன். இந்தா, போன்ல இருக்கு, மூணாவது வரி. நீங்களே படிச்சிக்கிடுங்க. அய்யோ, சத்தமாப் படிக்காதீங்கக்கா! கண்டக்டரு திரும்பிப் பாக்காரு. ம், அதான். அதான் அந்தக் கேன்சர். படிச்சிட்டீங்கல்லா, குடுங்க போனை.

எழுதிக் குடுத்தேனா? சாரு பேனாவ எடுத்தாரு. அந்த வரில முதல் சொல்லை மட்டும் அடிச்சாரு. ஏன் சார்னேன். பேனர்ல மேல எங்க காலேஜ் தாளாளரோட அப்பா படம் போடணுமாம். "அய்யா படத்துக்குக் கீழ அந்த வார்த்தைய எப்படிம்மா போட? பஸ் ஸ்டாப்புல நாலு பேரு பாப்பாங்க"ன்னாரு. அய்யா செத்து இருவது வருசம் ஆகுது. அவருக்கு என்ன கூச்சம்? அவரு என்ன ஆகாசத்துலேருந்தா குதிச்சாரு? அவரும் அந்த வழியாத்தானே வந்தாரு? இதை அப்படியே கேட்டேன். அவ்வளவுதான், ரெண்டு நாள் லேப் சாவி தரல எனக்கு.

முதல் சொல்லை அடிச்சாச்சின்னா மிச்சம் என்ன இருக்கு? 'வாய்ப் புற்றுநோய் கண்டறியும் மாபெரும் முகாம்'. அதுக்குக் கீழ 'பெண்களுக்கு மட்டும்'. மாபெரும்ங்கிறது மட்டும் சாரு சொந்தமாச் சேத்தது. "வர்றவங்களுக்குப் புரியும்மா, பொம்பளைங்களுக்குன்னு போட்டாச்சில்ல"ன்னாரு. புரியுமாம். சொல்லாததைப் புரிஞ்சிக்கிடணுமாம்.

உங்க ஊர் ஆம்பளைக வந்து நின்னாவளே, ஞாபகம் இருக்கா? வாய் பூரா புகையிலை. "ஏம்மா, பொம்பளைக்கு மட்டும்தான் வாய் இருக்கா, எங்களுக்கு இல்லையா?"ன்னு ஒருத்தரு வாசல்ல வந்து சண்டைக்கு நிக்காரு. பின்னாடியே ஒரு பெரியவரு, "பேனர் சரியாத்தாம்ல போட்டிருக்கு, எங்க வீட்ல வாய் அவளுக்கு மட்டும்தான்"ங்காரு. கூட்டமே சிரிச்சிது. நானும் சிரிச்சிருப்பேன், வயித்தெரிச்சல்ல சிரிப்பு வரல.

பொம்பளைக நீங்க வந்ததைச் சொல்லணும். வெத்தலையத் துப்பிட்டு, குழாயில வாய் கொப்புளிச்சி, பல்லு விளக்கி, கோயிலுக்குப் போற மாதிரி வந்தீங்க. ஒரு ஆச்சி பல்செட்டைக் கழட்டிக் கையில வச்சிட்டு, "இதையும் பாப்பியளா தாயி?"ன்னு கேட்டாவ. உள்ரூம்ல என்னன்னா, ஜெயராணி சிஸ்டர் கட்டிலைச் சுத்தித் திரை கட்டி, கருவியெல்லாம் அவிச்சி எடுத்து, வினிகரை அளந்து ஊத்தி வச்சிட்டு உக்காந்திருக்காவ. ஒரு ஆளு உள்ள போகல. பாத்தாவ சிஸ்டர். வெளிய வந்து, ஆம்பளைக நிக்காவன்னுகூடப் பாக்காம, "கர்ப்பப்பைக்கு ஒரு வாய் இருக்கு தாயி, அதுல புண்ணு இருக்கான்னுதான் பாக்க வந்திருக்கோம்"னு போட்டு உடைச்சிட்டாவ. எனக்கு மூஞ்சிய எங்கன வைக்கன்னு தெரியல. அவியளுக்கு என்ன, தெனமும் பேசிப் பழக்கம்.

நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க? "வாய்னுதானே போட்டிருக்கு, வாயத்தான் காட்டுவோம்". தப்பு உங்க மேல இல்ல. எழுத்துல இருக்குறதை நம்பி வந்தீங்க.

அப்பத்தான் நம்ம விஞ்ஞானிக்கு மூளை வேலை செஞ்சிது. "வந்த கூட்டத்தை விடக் கூடாது. கேமரா கேமராதானே? வாயைப் படம் எடுங்க"ன்னாரு. ஹாஜிரா மூச்சுக் காட்டாம எடுத்தா. ஒவ்வொரு ஆளுக்கும் முனையில புது உறை மாட்டி, ஆ காட்டச் சொல்லி, பல்லு, நாக்கு, அண்ணம்னு எடுத்தா. எடுத்து முடிச்சி எண்ணுனா அறுபத்து மூணு. சாருக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கணுமே! "நாயன்மார் எண்ணிக்கைம்மா, ராசியா அமைஞ்சிருக்கு"ங்காரு. நாயன்மாரு என்ன பாவம் செஞ்சாவ இவருட்ட மாட்ட?

அறிக்கைல என்ன எழுதிருக்காரு தெரியுமா? 'பரிசோதிக்கப்பட்ட பெண்கள்: 63. கருவியால் எடுக்கப்பட்ட வாய்ப் படங்கள்: 63.' ஒரு எழுத்து பொய் இல்ல. அதான் அக்கா அசிங்கம். பொய்ன்னா ஒரே அடில உடைச்சிருவேன். இது பொய்யே இல்ல. விருது குடுக்குறவன் சாமானைப் பாக்கான், அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியும், கீழ 'வாய்'னு இருக்கு, அறுபத்து மூணுன்னு இருக்கு, அந்த வாய்தான்னு நெனச்சிக்கிடுதான். எந்த வாய்னு ஒருத்தன் கேக்கல. உங்க கடவாப்பல்லைக் காட்டி இன்னைக்குத் திருநெல்வேலில விருது வாங்கப் போறாரு. பத்து மணிக்கு. நான் அங்கதான் போறேன்.

இதுகூடப் போகட்டும்னு விட்டிருவேன். விடமாட்டேன், ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். அன்னைக்கு ஒருத்தி வந்தாவ. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். வரிசைல நிக்கல அவிய. ஓரமா வந்து என் துப்பட்டாவப் பிடிச்சி இழுத்தாவ. அம்பது இருக்கும். "பாப்பா, எனக்கு வாய்ல ஒண்ணும் இல்ல"ன்னாவ. பெறவு காதுகிட்ட வந்து, "எனக்குத் தீட்டு நின்னு மூணு வருசம் ஆச்சி. இப்ப ரெண்டு மாசமாத் திரும்பவும் படுது. வாடையும் இருக்கு. அந்தம்மா சொன்னது அதுக்குத்தானா, அதைப் பாப்பியளா?"ன்னு கேட்டாவ.

நாங்க படிச்சதுல முதப் பக்கத்துலயே இருக்கு அது. நின்னதுக்குப் பெறவு படுதுன்னா ஒரு நாளு தள்ளக் கூடாது.

என்ன செஞ்சேனா? நியாயத்தைச் செஞ்சேன். "இருங்கக்கா, இந்தா வந்துட்டேன்"னு சொல்லிட்டு நேரா சாருட்டப் போனேன். "பாருங்க சார், இவியளுக்காகத்தான் இந்தச் சாமானே. நீங்க ஒரு சொல்லை அடிச்சீங்க, இவிய எந்த வரிசைல நிக்கன்னு தெரியாம நிக்காவ"ன்னு கேட்டேன். "கூட்டத்துல வச்சிப் பேசாத"ன்னாரு. கூட்டத்துலதான் பேசுவேன்னேன். அவரு அய்யா படத்தைக் காட்டுதாரு, நான் பீரோ சாவிய இழுக்கேன். அவரு இன்டர்னல் மார்க்குங்காரு, நான் மார்க்கை ஊறுகாய் போடுங்கன்னேன். நீங்கதான் கேட்டிருப்பீங்களே. முக்கா மணி நேரம் அக்கா! நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவரால பதில் சொல்ல முடியல. ஒண்ணுக்குக்கூட. அப்படி வளைச்சி வளைச்சிக் கேட்டேன்.

திரும்பிப் பாத்தா அவியளக் காணும். சுத்துன பீடியப் பன்னெண்டு மணிக்கு மேல கடையில வாங்கமாட்டானாமே. போய்ட்டாவ.

சிஸ்டரா? உள்ரூம்லதான் இருந்தாவ. ஆமா, பக்கம்தான். பத்தடி இருக்கும். ஆமா, சும்மாதான் உக்காந்திருந்தாவ, அதுக்கு இப்ப என்ன? நீங்களும் அதையே கேக்கீங்க. சிஸ்டரும் அதையேதான் சொன்னாவ. "கதவைத் தள்ளி என்னய ஒரு கூப்பாடு கூப்பிட்டிருக்கலாம்லா? அந்தப் பொம்பளைக்கு உன் கேமராகூட வேண்டாமே, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிருப்பேனே"ன்னாவ. கேமரா வேண்டாம்னா நான் எதுக்கு ரெண்டு வருசம் கையச் சுட்டுக்கிட்டேன்னு கேட்டேன். அதுக்கு என்னய ஒரு பார்வை பாத்தாவ பாருங்க. எல்லாருக்கும் நான்தான் கிடைச்சேன். பேனர்ல அந்தச் சொல்லை நானா அடிச்சேன்? அடிச்சவரு மேடைல மாலை வாங்குவாரு, தட்டிக் கேட்டவ கதவைத் தள்ளலையாம்.

பேரு கேக்கல. எங்க கேக்க? அவிய வாயைத் திறக்காததுனால நோட்டுலயும் பேரு இல்ல. அறுபத்து நாலாவது ஆளு. அஞ்சு வாரம் ஆகப் போகுது. சிஸ்டர் தேடிட்டுத்தான் இருக்காவ. ஆனா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி "இங்க யாருக்குப் படுது"ன்னு கேட்டா எவ சொல்லுவா?

அடையாளமா? இருக்கே. கண்ணாடி போட்டிருந்தாவ. அதுல ஒரு பக்கத்துக் கம்பி கிடையாது. அதுக்குப் பதிலா பீடி கட்டுற நூலைத் திரிச்சி, காதுல சுத்திக் கட்டிருந்தாவ. ரோஸ் கலர் நூலு. சிஸ்டர்ட்டயா? சொல்லல. அவிய கேக்கல. கேட்டாத்தானே சொல்ல முடியும்? நான் அறிக்கைல இருக்குற தப்பையெல்லாம் எழுதிப் பதினோரு பக்கத்துக்குக் காலேஜ் முதல்வருக்கு மனு குடுத்துட்டிருந்தேன். எனக்கு எங்க நேரம் இருந்திச்சி?

யாரு?

சண்முகவடிவா? நெசமாவா? நூல் கட்டுன கண்ணாடி உங்க ஊர்லயே அவிய ஒருத்திதானா? மேலத்தெரு, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீடு. இத்தன நேரம் எங்கூட உக்காந்துட்டு வாரீங்க, முதல்லயே சொல்லப்படாதா? சரி, நான்தான் பேசவிடல. என்ன? இப்ப அவியளே கடைக்கு வர்றதில்லையா? மகதான் பீடி கொண்டாந்து போடுதாளா? ஆளு மெலிஞ்சிட்டாவளா.

ம்.

இல்லக்கா. உங்ககூட இறங்க முடியாது. இன்னைக்கு எப்படி இறங்க? சொன்னேன்லா, பத்து மணிக்கு விழா. சிஸ்டரா? ஆமால்லா, இன்னைக்குப் புதன்கிழமை. தடுப்பூசி நாளு. உங்க ஊர் அங்கன்வாடிலதான் இருப்பாவளா? இருக்கட்டும். அந்த வடிவக்காவுக்காகத்தான் அக்கா நான் போறேனே! உங்களுக்குப் புரியல. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறது யாரு வேணும்னாலும் செய்வாவ. அங்க மேடைல ஒரு மனுசன் அறுபத்து மூணு பல்வரிசையக் காட்டி உலகத்தை ஏமாத்துதான், அதைக் கேக்க என்னய விட்டா வேற யாரு இருக்கா? ஹாஜிராவா? அவ பட்டுச்சேலை கட்டிட்டு போஸ்டர் பக்கத்துல நிக்கா. போஸ்டர் மட்டும்தான் இருக்கு அவகிட்ட. சாமான் எங்கிட்ட. இந்தப் பையிலதான். நேத்தே எடுத்துட்டேன். அதுக்குத்தான் இப்ப போன். "மரியாதையாக் கொண்டாந்து குடு"ங்காரு. மரியாதையாம். நீங்களும் அந்த வார்த்தையச் சொன்னதும்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சி.

கேள்வி நேரம் உண்டு அங்க. கடைசில. எந்திரிச்சிக் கேக்கப் போறேன். எப்படி இருக்குன்னு கேளுங்க, ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணிருக்கேன். 'ஆறுமுகநயினார் சார். உங்க அறுபத்து மூணு படத்துல செர்விக்ஸ் படம் எத்தனை? அய்யா படத்துக்குக் கூச்சம்னு ஒரு சொல்லை அடிச்சீங்களே, அதனால திரும்பிப் போன ஒரு பொம்பளைக்கு நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்க? தேதி குறிங்க, அதே ஊர்ல, முழு வார்த்தை போட்ட பேனரோட முகாம் வைப்பேன்னு இந்த மைக்குலயே சொல்லுங்க.' எப்படி இருக்கு?

செர்விக்ஸ்னா மேடைல உள்ளவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னா என்ன, நீங்களா விருது குடுக்கப் போறீங்க?

உங்களுக்கும் பாக்கணுமான்னா... முப்பது தாண்டுன எல்லாரும் பாக்கணும். ஆமா, ஒண்ணும் இல்லாட்டாலும்தான். எங்கம்மாவா? அம்பத்தொண்ணு. பாக்கணும். பாப்போம். இன்னும் அவட்ட அது காதுக்கு இல்லன்னு சொல்லலையே, அதை முதல்ல சொல்லணும், பெறவு... இதை எதுக்கு இப்ப இழுக்கீங்க? இது முடியட்டும்.

உங்க ஊருக்குப் பிரியிற விலக்கு வந்துட்டு. எந்திரிங்க, பையை நான் பிடிக்கேன். பாத்து, படியில ஆளு நிக்கி. அக்கா, நீங்க ஒண்ணு செய்ங்க. வடிவக்காட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. இன்னைக்கே சிஸ்டரைப் பாக்கச் சொல்லுங்க, நாளைக்குன்னு தள்ள வேண்டாம்னு சொல்லுங்க. அண்ணே, கண்டக்டரண்ணே, ஒரு நிமிசம் விசில் அடிக்காதீங்க! என்னதுக்கா? கேக்கல! எதுக்குன்னு சொல்லணுமா? செர்விக்ஸ்னு சொல்லுங்க! செர்-விக்ஸ்! விக்ஸ் இல்லக்கா, மூக்குல தடவுறது இல்ல! அது... கீழ... அதான்க்கா, போன்ல படிச்சீங்கல்லா, அது! சிஸ்டர் அன்னைக்குச் சொன்னாவல்லா, அது! வாய்! அக்கா, வாயப் பாக்கணும்னு சொல்லுங்க! வாய்!

எடுத்துட்டாரு வண்டிய.

என்ன? எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கீங்க? கண்டக்டரண்ணே, நீங்க என்னத்துக்குச் சிரிக்கீங்க? எந்த வாய்னா? எங்கிட்ட ஏன் கேக்கீங்க, நானா பதில் சொல்லணும்? பதில் சொல்ல வேண்டிய ஆளு பத்து மணிக்கு மாலையும் கழுத்துமா மேடைல நிப்பாரு. இறங்குனதும் எல்லாரும் எங்கூட வாங்க, வந்து அவர்ட்டக் கேளுங்க. ஆறுமுகநயினார் சார், எந்திரிங்க. மைக்கைப் பிடிங்க. இங்க இத்தன பேருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க: ஒரு பொம்பள உசுரு போகுதுன்னு தெரிஞ்சும், அந்த ஒரு வார்த்தைய முழுசா வாயைத் திறந்து சொல்ல உங்களுக்கு என்ன கேடு?